இரைச்சல் நின்ற பெட்டி

ஆம்ப்ளிஃபயரில் இரைச்சல் வருகிறது என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேருடைய பெட்டியில் ஒரு கோளாறும் இருக்காது. கேபிள் நைந்திருக்கும். இல்லையென்றால் ஃபேன் ரெகுலேட்டருக்குப் பக்கத்திலேயே பிளக்கைச் செருகியிருப்பார்கள். சிம்மக்கல்லில் என் கடைக்கு வந்தவர்களில் எத்தனையோ பேரைப் பெட்டியைத் திறக்காமலே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

வீரணனின் பெட்டியில் உண்மையாகவே கோளாறு இருந்தது. அதை நான் உண்டாக்கவில்லை. இன்ஸ்பெக்டர் பாண்டிமீனா அம்மாவிடம் இதை முதலில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

என் பெயர் சோணைமுத்து, வயது ஐம்பத்திரண்டு. பகலில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர். கச்சேரி நாட்களில் ஹாலாஸ்யம் ஐயா நடத்தும் மெல்லிசைக் குழுவில், மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரைப் பார்ப்பேன். வீரணன் அதே குழுவில் கிட்டார். இருபத்தாறு வருஷம் ஒரே வேனில் போய் வந்தோம். என் கல்யாணத்துக்கு அவன் வாசித்தான். அவன் அப்பா செத்தபோது பாடையின் முன்கால் ஒன்றை நான் பிடித்தேன்.

நாலு வருஷத்துக்கு முன் என் காது குறையத் தொடங்கியது. ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்று பிழைப்பவனுக்கு அது வருவதுதான். டாக்டர் பரிசோதித்துவிட்டு, "சத்தம் கேக்கும், சொல்லுதான் தெளியாது. மெல்லிசா வர்ற ஒலியெல்லாம் இனி எட்டாது" என்றார். மிக்ஸர் பார்க்கிறவனுக்கு அந்த மெல்லிய ஒலிதான் முக்கியம். மைக் கீச்சிட்டால் ஊரே காதைப் பொத்தும், எனக்கு மட்டும் தெரியாது.

வீரணனிடம் மட்டும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "விடு மாப்ள, நான் இருக்கேன்ல. கீச்சுன்னு வந்தா வலது காதத் தொடுறேன். நீ கொறச்சுரு" என்றான். அப்படியே மூன்று வருஷம் ஓட்டினோம். பாட்டுக்கு நடுவில் அவன் விரல் காதுக்குப் போகும், என் விரல் மிக்ஸரில் இறங்கும். ஹாலாஸ்யம் ஐயாவுக்குக்கூட ஒன்றும் தெரியாது. அந்த ரகசியத்தை நான் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அவனிடம் சொன்னேன். அதை நீங்கள் எடை போட்டுப் பார்க்க வேண்டும்.

போன தை மாதம் டி. கல்லுப்பட்டியில் ஒரு கல்யாண வரவேற்பு. பாதிக் கச்சேரியில் மிக்ஸர் முரண்டு பிடித்தது. இரண்டு மைக் செத்துப்போய்த் திரும்பி வந்தது. ஹாலாஸ்யம் ஐயா முகம் சுண்டிப்போய் இருந்தார். முடிந்ததும் நான் ஒயரைச் சுற்றி எடுத்துக்கொண்டு வேனுக்குப் போனேன். வேனுக்கு அந்தப் பக்கம் அவரும் வீரணனும் பேசிக்கொண்டிருந்தார்கள். வீரணன் குரல் எனக்கு நன்றாகத் தெரியும்.

"காது போச்சுண்ணே. இனிமே அவன வச்சு ஓட்ட முடியாது. மாத்திருவோம்."

நான் வந்த வழியே திரும்பிப் போய், சுற்றிய ஒயரைப் பிரித்து மறுபடி சுற்றினேன். வேனில் அவன் எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். ஒரு ஆரஞ்சை உரித்துப் பாதியை என் கையில் வைத்தான். வாங்கித் தின்றேன்.

அடுத்த வாரம் ஹாலாஸ்யம் ஐயா போன் செய்தார். சரியாக விளங்காததால் கடைக்கே வரச் சொன்னேன். வந்து, "சோணைமுத்து, புது மிக்ஸர் வாடகைக்கு எடுக்கறோம். அவாளே ஆளையும் சேர்த்து அனுப்பிடறா. நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்கோங்கோ" என்றார். மரியாதையான மனிதர். காதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததிலிருந்தே எனக்குப் புரிந்தது.

வீரணனிடம் நான் எதுவும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இன்ஸ்பெக்டர் மூன்று முறை கேட்டார். தப்புச் செய்தவன்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். நான் காத்திருந்தேன். இரண்டு மாதம் காத்திருந்தேன்.

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை காலை அவன் தன் கிட்டார் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். வால்வு இல்லாத, டிரான்சிஸ்டர் பெட்டி. பதினைந்து வருஷமாக நான்தான் பார்க்கிறேன்.

"ஒரே இரைச்சலாக் கெடக்கு மாப்ள. ஞாயித்துக்கெழம சமயநல்லூர்ல கோயில் கச்சேரி. நீதான் பாக்கணும்."

"வேற ஆளு இருப்பாங்களே."

"என் பெட்டிய வேற எவன் தொடுவான்?" என்று சொல்லி முக்காலியில் உட்கார்ந்தான். பிறகு, "நீ இல்லாம மேடை நல்லாவே இல்லப்பா" என்றான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னான். இவ்வளவு அழகாக நடிக்கத் தெரியும் என்று இருபத்தாறு வருஷம் எனக்குத் தெரியாமல் போயிற்று.

முறைப்படிதான் பார்த்தேன். கிட்டார் கேபிளைப் பிடுங்கினேன், இரைச்சல் நின்றபாடில்லை. வால்யூமை முழுக்கக் குறைத்தேன், அப்போதும் குறையவில்லை. அப்படியென்றால் கோளாறு மின்சாரம் உள்ளே வரும் பக்கத்தில். அந்த உறுமல் தடித்த ஒலி. என் காதுக்கு எட்டும். ஸ்பீக்கர் காகிதத்தில் விரலை வைத்தால் அதிர்வும் தெரியும். உள்ளே ஒரு கெப்பாசிட்டர் உப்பியிருந்தது. மாற்றினேன். முக்கால்வாசி அடங்கியது.

மீதி எங்கிருந்து வருகிறது என்று தேடினால், டிரான்ஸ்ஃபார்மருக்குள் கம்பிச் சுற்றின் காப்புறை கருகி, கரண்ட் பெட்டியின் தகட்டுக்குக் கசிந்துகொண்டிருந்தது. கேபிள் வழியாகக் கிட்டார் கம்பியும் அந்தத் தகட்டோடுதான் சேரும். எர்த் ஒயர் அந்தக் கசிவை வாங்கித் தரைக்கு அனுப்பிக்கொண்டிருந்ததால் யாருக்கும் அடிக்கவில்லை, இரைச்சல் மட்டும் வந்தது. செய்ய வேண்டியது புது டிரான்ஸ்ஃபார்மர் போடுவது. டவுன்ஹால் ரோட்டில் கிடைக்கும், ஒரு மணி நேர வேலை.

வீரணன் டீ வாங்கப் போயிருந்தான். நான் எர்த் ஒயரை வெட்டி, முனையில் டேப் சுற்றி உள்ளே மடக்கி வைத்தேன்.

இரைச்சல் சுத்தமாக நின்றது.

அவன் வந்து, பிளாஸ்டிக் முக்காலியில் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு வாசித்துப் பார்த்தான், தரையில் படாததால் அடிக்கவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான். "எர்த்தெல்லாம் சரியா இருக்குல்ல?" என்று கேட்டான். ஒவ்வொரு முறையும் கேட்பான். "எல்லாம் பாத்துட்டேன்" என்றேன். அது பொய்யில்லை. எல்லாவற்றையும் பார்த்துத்தான் இருந்தேன்.

வெள்ளி, சனி இரண்டு நாள் இருந்தது. போன் என் சட்டைப்பையிலேயே இருந்தது. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுக் கூப்பிட்டானென்றால் சொல்லிவிடலாம் என்றுதான் வைத்திருந்தேன். சனிக்கிழமை கூப்பிட்டான். "நாளைக்கு நீயும் வா மாப்ள, பெட்டி எப்படிப் பாடுதுன்னு பாரு" என்றான். அவ்வளவுதான். மன்னிப்பு வரவில்லை.

போனேன். சாயங்காலம் ஆறு மணி, வெளிச்சம் இருந்தது. பந்தலில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். சாமி மேடை என்று எல்லோரும் செருப்பைக் கழற்றியிருந்தார்கள். ஈரமும் வெறுங்காலும் சேர்ந்தால் அடி பலமாக இருக்கும், நான் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை.

வீரணன் கிட்டாரை மாட்டிக்கொண்டு கூட்டத்தில் என்னைத் தேடினான். பார்த்துவிட்டான். சிரித்துக்கொண்டே வலது காதைத் தொட்டான். அத்தனை பேருக்கு முன்னால், என்னைப் பார்த்து, காதை. அந்த நேரம் எனக்கு மனதில் கொஞ்சநஞ்சம் இருந்த தடுமாற்றமும் போய்விட்டது. மைக் அப்போது கீச்சிட்டுக்கொண்டிருந்தது என்று பிற்பாடு ஹாலாஸ்யம் ஐயா சாட்சி சொல்லியிருக்கிறார். இருக்கலாம்.

கிட்டார் கம்பியில் இடது கை. பாடுவதற்காகக் குனிந்தான். மிக்ஸர் வழியாக எர்த் ஆகியிருக்கும் மைக்கின் இரும்பு வலையில் உதடு பட்டது.

மெயின் சுவிட்ச் என் நாற்காலியிலிருந்து பதினைந்தடி. எல்லோரும் மேடைக்கு ஓடினார்கள். தொட்டால் அவர்களுக்கும் அடிக்கும் என்று எனக்குத்தான் தெரியும். "யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு நான் போய் அணைத்தேன். நடந்துதான் போனேன். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

பெட்டியைத் திறந்து பார்த்த மின்வாரியத்துக்காரர் டேப் சுற்றியிருந்த முனையைக் கண்டுபிடித்தார். அப்படி நேர்த்தியாகச் சுற்றுவது மதுரையில் நான் ஒருவன்தான் என்று அவரே சொன்னாராம்.

நேற்று இன்ஸ்பெக்டர் ஹாலாஸ்யம் ஐயாவின் போனில் இருந்த ஒரு வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினார். தை மாதத்தில் வீரணன் அனுப்பியது. எனக்கு விளங்கவில்லை. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். "அண்ணே, கார்டு போன மிக்ஸரத்தான மாத்தச் சொன்னேன், ஆள ஏன் மாத்துறீக? சோணைமுத்து இல்லாம எனக்கு மேடையில தெம்பு வராது. அவன விட்டுட்டு நான் எப்படிண்ணே வர்றது?"

கார்டு என்றால் மிக்ஸருக்குள் இருக்கும் சர்க்யூட் பலகை. அன்றைக்கு இரண்டு மைக் செத்ததற்கு அதுதான் காரணமாம். வேனுக்குப் பக்கத்தில் வீரணன் சொன்னது, "கார்டு போச்சுண்ணே, இனிமே அத வச்சு ஓட்ட முடியாது" என்று ஹாலாஸ்யம் ஐயா எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். என் காது விஷயம் இந்த வழக்கு வரும்வரை தனக்குத் தெரியவே தெரியாது என்றும் எழுதியிருக்கிறார்.

இன்ஸ்பெக்டர் அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தபடி இருந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது போல எனக்குப் பட்டது. நல்ல அம்மா, ஆனால் இளகிய மனசு. செத்தவனைப் பற்றி எல்லோரும் நல்லதாகத்தான் சொல்வார்கள். ஹாலாஸ்யம் ஐயாவுக்குக் குழுவின் பெயரைக் காப்பாற்ற வேண்டும். ஒரு மெசேஜில் ஆயிரம் நடிப்பு இருக்கும்.

எர்த் ஒயரை வெட்டியவன் நான். தெரிந்துதான் வெட்டினேன், அவன் சாவான் என்று தெரிந்துதான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் வாக்குமூலத்தில் அந்த வார்த்தையை மட்டும் மாற்றி எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன். அவன் காது என்றுதான் சொன்னான். எனக்குத் தெளிவாகக் கேட்டது.