ஒரு குளோசப் பாக்கி

— அப்பாவு, தலையில கட்டியிருக்கிற துண்ட எடு.

— மொதல்ல டீயக் குடிங்க டைரக்டரே.

— எடுய்யான்னா. வெளிச்சம் போவுது. சிலுவையில உன் மொகத்த மட்டும் ஒரு குளோசப் எடுத்துட்டா படமே முடிஞ்சிது... அடப்பாவி. இன்னாய்யா இது?

— மொட்டை, டைரக்டரே.

— அது தெரியுது. ஏசுநாதருக்கு மொட்டையா? போன வாரம் வரைக்கும் தோள்ல கெடந்த முடி எங்க? உப்பு வாரினு இருந்த உன்னக் கூட்டியாந்து, ஒன்றரை வருசமா தேங்காண்ண வாங்கிக் குடுத்து வளத்த முடிய்யா அது.

— கோச்சிக்காதீங்க. டோப்பா வெச்சி எடுத்துக்கலாம்ல?

— நெத்தியில ஒட்டுன எடம் அப்பிடியே தெரியும். மாறுவேஷப் போட்டி மாதிரி இருக்கும்.

— அப்ப மொளைக்கட்டும், பொறுமையா எடுப்போம்.

— பொறுமையா? அடுத்த மாசம் மழ வந்தா உப்பளம் பூரா தண்ணி. சிலுவ நட்ட இந்த உப்புக் குவியல திங்கக்கெழம லாரி அள்ளினு போயிடும். அப்பறம் எதக் காட்டி கல்வாரி மலைன்னு சொல்லுவேன்? பதினாலு வருசம் கோடம்பாக்கத்துல அசிஸ்டென்டு. 'ஏசு படமா லூர்துசாமி, பாட்டு எத்தினி'ன்னு சிரிச்சானுங்க. சரி, நம்ம மரக்காணத்துலயே எடுத்துக்கலாம்னு வந்தேன். சுனாமி செட்ட வாரினு போச்சி. இப்ப நீ. மனுசன் எத்தினி தடவ தான் மொதல்லேர்ந்து ஆரம்பிப்பான், சொல்லு.

— எனக்கு மட்டும் ஆச இல்லியா டைரக்டரே? எக்கியார்குப்பத்துப் புள்ளைங்க 'தோ ஏசு வராரு'ன்னு பின்னாடியே ஓடியாருங்க. இன்னிக்கு ஒண்ணு கூட வரல.

— அந்த அறிவு சவரக்கத்திக்கு முன்னாடி உக்காரும்போது எங்க போச்சி? எந்த சாமிக்கு? மயிலம் முருகனுக்கா? படம் முடிஞ்சி குடுத்தா அவரு வாங்கிக்க மாட்டாரா?

— மயிலம் இல்ல. வேளாங்கண்ணி.

— நீ எதுக்குய்யா எங்க மாதாவுக்கு மொட்ட போட்ட?

— போன மாசம் இதே வரப்பு மேல நெஞ்சப் புடிச்சினு உழுந்தீங்களே. உப்பு லாரியிலயே போட்டு பாண்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடினோம். மூணு நாளு நீங்க கண்ணே தொறக்கல. அந்த வராண்டாவுல உக்காந்து தான் வேண்டிக்கினோம். இவரு எழுந்து நடந்தா, இந்தத் திருவிழாக் கொடி எறங்கறதுக்குள்ள வந்து முடி குடுக்கறோம்னு.

— என்ன ஒரு வார்த்த கேட்டியா? நான் உசுரோட இருக்கிறதே இந்தப் படத்துக்குத் தான்யா. இதக் கெடுத்துட்டு என்ன எதுக்குய்யா காப்பாத்தின?

— அப்பிடிச் சொல்லாதீங்க டைரக்டரே. கஷ்டமா இருக்குது.

— எனக்கு இல்லியா? இரு... வேண்டிக்கினோம்னா? கூட யாரு?

— அந்தோணியம்மா அக்கா தான். உங்க ஊட்டுக்காரம்மா.

— அவ கிளியனூர்ல அவங்கம்மா ஊட்டுக்குப் போறேன்னு தான சொல்லிட்டுப் போனா?

— அங்க போவல டைரக்டரே. ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து தான் மழிச்சிக்கினோம். முந்தாநாள்லேர்ந்து முக்காடு போட்டுனு தான் அக்கா உங்களுக்கு சோறு போடுது. நீங்க நிமிந்து பாக்கவே இல்லியா?