கசக்காத கத்தாழை

— இன்னைக்கும் பால் குடிச்சிட்டாளா?

— வயிறு முட்ட. மாருல சென்னிநாயகக் கசப்பைத் தேச்சா ஒரே நாளுல பிள்ளை பால் மறக்கும்னு ஊரெல்லாம் சொல்லுது. நீங்க செஞ்சு தந்ததை நாலு நாளா தேக்கேன்... உங்க மவ நக்கிட்டுச் சிரிக்கா.

— லில்லிக்கு என் நாக்கு. எதைக் குடுத்தாலும் ருசிதான்.

— விளையாடாதீங்க. திங்கக்கிழமை டீச்சர் டிரெயினிங் ஸ்கூல் தொறக்கு. இன்னைக்கு வெள்ளி. பால்குடி மறக்காத பிள்ளையை இங்க விட்டுட்டு நான் நாகர்கோயில்ல ஹாஸ்டல்ல போய்க் கெடக்கவா?

— போவலாம் சத்தியபாய்...

— எப்பிடின்னு கேக்கேன். மண்டைக்காட்டிலேருந்து தினம் போய்வர முடியுமா?

— நாம மலையாள ராஜ்யத்தை விட்டு மெட்ராஸோட சேரப்போறோம், தமிழ் டீச்சருக்கு நெறைய வேலை வரும்னு நீதானே சொன்னே?

— சொன்னேன். சரி... தையல் மிஷினு எங்க? ரெண்டு நாளா அந்த மூலை காலியா கெடக்கு.

— ரிப்பேருக்குப் போயிருக்கு.

— நல்லால்லா ஓடிட்டு இருந்துது?

— ஒரு சத்தம் கேட்டுது... நீ பேச்சை மாத்தாதே.

— மாத்தல. அந்த மருந்தை எப்பிடிச் செஞ்சிய? சொல்லுங்க.

— எப்பிடியா... வேலியில நிக்க கத்தாழையை அறுத்தேன். அம்மியில வச்சு அரைச்சேன்.

— எதை அரைச்சிய?

— உள்ள இருக்க சோத்தை. வழுவழுன்னு...

— மடலை அறுத்துச் சாச்சு வச்சா, தோலுக்கு அடியிலேருந்து மஞ்சளா ஒரு பால் வடியும். அதைச் செரட்டையில பிடிச்சு, வெயில்ல கறுக்க உணக்கினாத்தான் சென்னிநாயகம். கசப்பெல்லாம் அதுலதான். சோத்தை நல்லாக் கழுவினா கசப்பு ஏது?

— அப்பிடியா?

— அப்பிடியாவா? இஸ்திரிப்பெட்டி உங்க கையைச் சுட்டப்போ, மஞ்சப்பாலை வடியவிட்டுக் களஞ்சிட்டு, சோத்தை மட்டும் வச்சுக் கெட்டினது யாரு? கையை நீட்டிட்டு அதைப் பாத்துட்டு இருந்தது யாரு? தெரிஞ்சுதான் செஞ்சிய.

— தெரிஞ்சுதான்.

— நான் போகக்கூடாதுன்னு.

— அதுக்கில்ல பிள்ளே. மஞ்சப்பாலு உள்ள போனா வயித்தால போகும்னு நீதானே சொன்னே? போன மாசம்தான் அவளுக்கு வயித்துப்போக்கு நின்னுது. பொறவு... அவ மூஞ்சியைச் சுளிச்சுட்டு உன்னைப் பாப்பாளே, அதை என்னால பாக்க முடியாது.

— அது கறுப்பா இருந்துதே?

— கருப்பட்டி சேத்தேன்.

— பாவி மனுசா...

— நீ மட்டும் என்னவாம்? பிள்ளை வாயில படுத சாமானை நாக்குல தொட்டுப் பாக்காம தேக்க ஆளா நீ? தொட்டுப் பாத்தியா இல்லியா?

— மொத நாளே பாத்தேன்.

— பொறவு ஏன் சொல்லல?

— சொன்னா நெசமான மருந்தைச் செஞ்சிருவிய. அவளுக்கு நான் கசக்கணுமா... மனசு வரல. படிக்கவும் ஆசையா இருக்கு. ஆனா ரெண்டும் நடக்காதுல்லா? வரலன்னு எழுதிப்போட கார்டுகூட வாங்கி வச்சாச்சு.

— அந்தக் கார்டை எடு. உங்க அம்மைக்கு நம்ம புது அட்ரஸை எழுதிப் போடு. ரசலையன் டெய்லர், நாகர்கோயில்னு.

— நாகர்கோயிலா? அங்க நமக்கு ஏது வீடு?

— மிஷினு ரிப்பேருக்குப் போகல பிள்ளே. ஸ்கூலுக்குப் பின்தெருவுல வீடு எடுத்து அங்க எறக்கியாச்சு... பெரிய டீச்சரம்மைகிட்டயும் கேட்டுட்டேன், ஹாஸ்டல்ல தங்க வேண்டாமாம், மத்தியானம் மணியடிச்சதும் நீ ஓடிவந்து பிள்ளைக்குப் பால் குடுத்துட்டுப் போவலாமாம்.