ரோஸியின் ஏப்பம்

தாம்பரத்தில் செங்கல்பட்டு ரயில் கிளம்பியதும் என் எதிரே இருந்த பெண் தன் பக்கத்திலிருந்த அம்மாளிடம் சொன்னாள்: "அக்கா, உங்க ரோஸி விடுற ஏப்பம் என் கணக்குக்கு அடங்கவே மாட்டேங்குது."

ரோஸி அந்த அம்மாளின் மாடு. தின்னும் தீனியை வைத்து மாடு ஏப்பத்தில் எவ்வளவு மீத்தேன் வாயு விடும் என்று முன்கூட்டியே சொல்வது இந்த மாணவியின் ஆராய்ச்சி.

"நீங்க சொன்ன வைக்கோல், தவிடு, புண்ணாக்கு எல்லாம் போட்டுத்தான் கணிச்சேன். மெஷின்ல அளந்தா ஜாஸ்தியா வருது. இன்னிக்கு ரிவ்யூ. கைடு கிழிச்சிடுவார்."

"அது வூட்ல நான் போடறது. நீ அத்த மட்டும்தானே கேட்ட?"

"வேற எங்க தின்னுது?"

"பால் கறந்துட்டு அவுத்து வுட்டா மார்க்கெட்ல சுத்திகினு கீது. கோஸ் தழை, மண்டபத்து எச்ச இலை, போஸ்டரு..."

"போஸ்டரா?"

"நேத்து ஒரு வேட்பாளரையே முழுசா துன்னுடுச்சி. கேஸ் வராம இன்னா வரும்?"

அவள் முகம் வெளுத்தது. என் மகள் வயதுதான்.

"ரெண்டு வருஷம், அக்கா!"

"ரெண்டு வருஷமா கம்ப்யூட்டரு பின்னாடி நடந்த. ஒரு நாளு மாட்டு பின்னாடி நடந்தியா?"

காட்டாங்குளத்தூரில் எழுந்தவள், கதவருகே போய்த் திரும்பினாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு அவுத்து விடுவீங்க?"

"ஆறுக்கு. நல்ல செருப்பா போட்டுகினு வா."