கடிகாரக் கோபுரம் வரைக்கும்

— மேப்பை இங்க குடு. போனையும் குடு.

— போன் எதுக்குங்க?

— அதுல வழியைப் பாத்துட்டு முகத்துலயே காட்டிக் குடுத்துடுவே. உன் முகம்தான் ஊரறிஞ்ச டிராபிக் சிக்னலாச்சே. ரெண்டும் ரூம்லயே கிடக்கட்டும்.

— நாளைக்குக் காலையில ஃபிளைட். கடைசி நாளாவது நிம்மதியா சுத்திப் பாப்போம்னா, நீங்க பரீட்சை எழுதக் கிளம்புறீங்க. இதுக்கா நம்ம மக டிக்கெட் எடுத்துக் குடுத்தா?

— பரீட்சையேதான், கலெக்டரம்மா. நேத்துக் காலையிலயே சொன்னதுதான், லாட்ஜ்ல இருந்து கடிகாரக் கோபுரம். உன் பின்னால மூணு தடவை நடந்த வழி. இன்னைக்கு நான் முன்னால, நீ பத்தடி பின்னால. வழி சொல்லக் கூடாது.

— தவறிட்டா?

— ஸ்கூல் வேன் ஓட்டுறதையே விட்டுடுறேன். தவறலைன்னா, லீவு முடிஞ்சதும் நான்தான் ஓட்டுவேன். அப்புறம் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது.

— ஒரு நாள் ஒரு திருப்பத்தை விட்டுட்டீங்க. யாருக்கும் நடக்குறதுதானே?

— பதினாலு பிள்ளைங்களை உக்கார வெச்சுக்கிட்டு முக்கால் மணி நேரம் சுத்தியிருக்கேன்டி. இருபத்தெட்டு வருஷமா போற பள்ளிக்கூடம். கடைசியில பிள்ளைங்களே வழி சொல்லுச்சுங்க.

— டயர் பஞ்சர்னு எல்லார்கிட்டயும் நான் சொல்லிட்டேன்ல? ஒருத்தரும் சந்தேகப்படல.

— நான் படுறேனே. அது போதும். ரைட்டு, போலாம்.

— ஐயோ, மெதுவாப் போங்க! பத்தடின்னுட்டு ஓடுறீங்க.

— பேசாதேன்னேன்.

— நடையைத்தானே சொன்னேன், வழியையா சொன்னேன்?

— ரொட்டிக் கடை முனை... சோத்தாங்கைப் பக்கம். சரிதானே? பதில் சொல்லாதே!

— நான் வாயே திறக்கல சாமி.

— டிராம் தண்டவாளம் தாண்டி நேரா. இந்த சலூன்காரன்தான் அன்னைக்கு உன் ஜடையைப் பாத்துட்டுக் கத்தரிக்கோலை ஆட்டினான்.

— அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு!

— வாயை மூடிட்டு வா.

— ஏங்க நின்னுட்டீங்க?

— இரு.

— கால் வலிக்குதா? அந்த நீரூற்றுத் திண்டுல உக்காரலாமா?

— இருன்னா இரு. நீரூற்றுக்கு அப்புறம்... இடது பக்கம். ஆமா, இடதுதான்.

— ம்.

— என்ன, பேச்சையே காணோம்?

— பேசக் கூடாதுன்னு உத்தரவு.

— இது இல்ல. திரும்பு. நீரூற்றுக்கே போயி, அங்க நிக்கிற லாரிக்குப் பின்னால வலது பக்கம் போகணும்.

— அப்பாடா! இப்பத்தான் என் வயித்துல பாலை வார்த்தீங்க. நீங்களாவே கண்டுபிடிச்சுட்டீங்க பாத்தீங்களா?

— அதோ தெரியுது கோபுரம்.

— ஜெயிச்சுட்டீங்க! நான் சொன்னேன்ல? போன் இருந்தா இப்பவே மககிட்ட சொல்லியிருப்பேன். அதையும் பிடுங்கி வெச்சுட்டீங்க.

— இந்த பெஞ்சுல உக்காரு.

— ஜெயிச்ச மனுஷன் முகத்துல ஒரு சிரிப்பு வேண்டாமா? வேனை விட்டுட்டா நீங்க என்ன ஆவீங்களோன்னு இந்த ஒரு மாசமா பயந்தே செத்தேன். வெறும் வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிற உங்களை என்னால பாக்க முடியாதுங்க. இனிமே நிம்மதியா ஓட்டுங்க.

— நேத்து மத்தியானம் நான் தூங்கினப்ப எங்க போனே?

— சோப்பு வாங்க.

— ரெண்டு மணி நேரமாவா?

— ஊரு புதுசுங்க... கடை கண்டுபிடிக்க...

— அழாதே. உன்மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா இனிமே நான் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன். நீரூற்றுக்கிட்ட ரெண்டு தெருவும் எனக்கு ஒண்ணாத்தான் தெரிஞ்சுச்சு. கம்பத்தை லாரி மறைச்சதும் தப்பான பக்கம் போயிட்டேன். லாட்ஜ் வாசல்ல இருந்து இங்க வரைக்கும், முனைக்கு முனை கம்பத்துல நீ ஒட்டி வெச்ச சிவப்பு ஸ்டிக்கர் பொட்டைப் பாத்துத்தான்டி வந்து சேந்தேன்.