ஒரு மூட்டை குறைந்த சுவர்

ஓடுகிறோம். இல்லை. மகளால் ஓடமுடியாது. இழுத்துக்கொண்டு போகிறேன்.

இரண்டாயிரத்து ஒன்பது. சித்திரை மாதம். திங்கட்கிழமை காலை. முன்னால் களப்பு, உப்புத் தண்ணீர். பின்னால் ஷெல். கூவிக்கொண்டு வந்தால் தள்ளி விழும். சத்தமில்லாமல் வருவதுதான் நமக்கு.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

யாரோ கத்துகிறார். படுத்தோம். எழும்பினோம். கத்தியவர் எழும்பவில்லை.

மகள் வசந்திக்கு இருபத்திரண்டு வயது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரிகிறது. ஒரு சேலையின் ஒரு முனை என் இடுப்பில். மறுமுனை அவள் நெஞ்சில். என் கலியாணக் கூறைச் சேலை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து மெதுவாகத்தான் வரும். வரட்டும். இதை இன்னொருவர் கையால் எழுதுவிக்க மாட்டேன்.

அதற்கு எட்டு நாள் முன்பு கடற்கரையில் பதுங்குகுழி வெட்டினோம். மணல் நிற்காது. சரியும். சாக்கு இல்லை. பெண்கள் எல்லோரும் சேலைகளை வெட்டிப் பையாகத் தைத்தோம். மணல் நிரப்பிச் சுவராக அடுக்கினோம். பட்டும் போனது, நூலும் போனது. என் சேலைகள் பதினொன்று போயின. வாசல் பக்கம் மட்டும் ஒரு மூட்டை குறைந்தது.

என் கணவர் கந்தசாமி கையை நீட்டினார்.

"இஞ்சேரப்பா, அந்தக் கூறையையும் தா."

"தரமாட்டன். அது என்னைச் சுத்தி எரிக்கிறதுக்கு."

"இந்த ஷெல்லுக்குள்ள கூறை சுத்திவிட ஆர் வரப்போகினம்?"

சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"ஒரு மூட்டைதானே. அதை முருகன் பாப்பான்" என்றேன்.

எங்கள் வழக்கத்தில், கணவன் இருக்கும்போதே போகிற பெண்ணைத்தான் கூறை சுற்றி எடுப்பார்கள். அவருக்கு முன்னால் நான் போகவேண்டும் என்று கலியாணம் ஆன நாளிலிருந்து முருகனிடம் கேட்டு வந்தேன். அந்தச் சேலை என் பெருமை.

அந்தத் திங்கட்கிழமை. சத்தம் இல்லை. வெளிச்சம். பிறகு மண். இரண்டு ஷெல் துண்டுகள். ஒன்று அவர் கழுத்தில். ஒன்று வசந்தியின் காலில். இரண்டும் வாசலில் மூட்டை குறைந்த அந்த இடைவெளியால் வந்தன.

அவர் அந்த இடத்திலேயே போய்விட்டார். மூட்டைகளை அவர்மேல் சரித்தேன். முதலில் கூறையால் மூட நினைத்தேன். விரித்தும் விட்டேன்.

"அம்மா, என்னை விட்டிட்டுப் போங்கோ" என்றாள் வசந்தி.

அவளைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். கூறையை எடுத்து அவளுக்குக் கட்டினேன்.

தண்ணீர். இடுப்பு. நெஞ்சு. கழுத்து. எனக்கு நீந்தத் தெரியாது. முருகா என்று வாயில் வரவில்லை. காலையில் அவன் பார்க்கவில்லையே. காலுக்குக் கீழே நிலம் போனது. அப்போது கூப்பிட்டேன். திட்டிக்கொண்டே கூப்பிட்டேன். கால் எதிலோ முட்டியது. கல்லோ, மனிதரோ. இன்றுவரை தெரியாது. மிதித்து நின்றேன். சேலை இறுகியது. பாதி கிழிந்தது. மீதியில் மகள் வந்தாள்.

பிறகு கடல் கடந்தோம். முகாமில் இருந்தோம். இப்போது நெய்வேலி. வசந்தி ஒரு காலைச் சாய்த்து நடக்கிறாள். டவுன்ஷிப் பிள்ளைகளுக்கு யூனிபார்ம் தைக்கிறாள். சுரங்கத்தில் வெடி கேட்டால் நான் கட்டிலுக்குக் கீழே போய்விடுவேன். எதிர்வீட்டுச் செல்வி குனிந்து பார்ப்பாள். அவள் புருஷன் மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை.

"இன்னாம்மா, மறுபடியும் பூந்துக்கினீங்களா? மைன்ஸ் வெடிம்மா. வெளிய வாங்க, டீ ஆறிப்போவுது."

"ஆறட்டும் பிள்ளை. உங்கட வெடிக்கு ஒரு மரியாதை தெரியாது."

சிரிப்பாள். போன வாரம் சொன்னாள்: "அந்தத் தண்ணியில உங்களக் காப்பாத்துனது சாமிதாம்மா."

"ஓம். காலமை அவர் சாகேக்கையும் அதே சாமிதான் இருந்தவர்" என்றேன். அவள் டீயைக் கையில் கொடுத்தாள்.

கூறையைக் கொடுத்திருந்தால் அவர் இருந்திருப்பார். மகளின் காலும் நன்றாக இருந்திருக்கும். அவளைக் கட்டி இழுக்கவே வேண்டியிருந்திராது. பதினாறு வருடமாக இதைத்தான் நினைக்கிறேன். முருகன் பார்ப்பான் என்று குழியில் நான் சொன்னது நம்பிக்கை இல்லை. என் ஆசைக்கு அவன் பெயரை முன்னால் நிறுத்தினேன். தண்ணீரில் கூப்பிட்டதுதான் நம்பிக்கை. அப்போது என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை இன்னும் விளக்கு வைக்கிறேன். முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். பிறகுதான் மகளுக்காகக் கேட்கிறேன்.

போனவர்கள். என் கணவர் கந்தசாமி, வயது ஐம்பத்தாறு. பக்கத்துக் குழியில் ஐந்து பேர், ஒரு கைக்குழந்தையோடு. படுங்கோ என்று கத்தியவர், பெயர் தெரியாது. மகளின் நடை. சேலை பதினொன்று, அவர்மேல் கிடக்கின்றன. கூறையில் பாதி, தண்ணீரில்.

மற்றப் பாதி என் பெட்டியில் இருக்கிறது. இனி எனக்கு அதைச் சுற்றமாட்டார்கள். வெள்ளைத் துணி போதும். வசந்தியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். என்றாவது அங்கே போனால் அதைப் பையாகத் தை. மணல் நிரப்பு. அப்பாவின்மேல் வை. அங்கே ஒரு மூட்டை குறைகிறது.