தங்கையின் பேரில்

எங்கள் வீட்டில் யார் எந்த விண்ணப்பத்தை நிரப்பினாலும், செல்போன் எண் கேட்கும் இடத்தில் என் எண்ணைத்தான் எழுதுவார்கள். காஸ் இணைப்பு, தங்கையின் வங்கிக் கணக்கு, அவள் குழந்தையின் ஆஸ்பத்திரி சீட்டு என்று எல்லாவற்றிலும் நான்தான். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவனுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு என்று அவர்களுக்கு நினைப்பு. “அண்ணன் நம்பரையே போட்டுடுங்க, அவர் பாத்துப்பாரு” என்பாள் தங்கை. நானும் பார்த்துக்கொண்டேன். கணவன் விட்டுவிட்டுப் போன பிறகு அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

முதல் கடன் கடை வாடகைக்காக. என் பேர் அதற்குள் கெட்டுப்போயிருந்தது. எந்த வங்கியும் என்னை வாசலோடு அனுப்பிவிடும். தங்கையின் பேரோ சும்மா கிடந்தது. யாரிடமும் கைநீட்டாதவள் அவள். அவளுடைய அடையாள அட்டை நகல் என் மேசை டிராயரில் இருந்தது, ஓடிபி என் போனுக்கு வந்தது. டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

கட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன், சார். இரண்டு தவணை கட்டவும் செய்தேன். அப்புறம் வியாபாரம் கையைக் கடித்தது. அதை அடைக்க இன்னொன்று, இன்னொன்றை அடைக்க வேறொன்று. திருட வேண்டும் என்று ஒருநாளும் உட்கார்ந்து யோசித்தவன் இல்லை நான்.

அவள் மகளுக்குக் காது கேட்கவில்லை என்பது இதற்கெல்லாம் பிறகுதான் தெரிந்தது. ஆபரேஷன் செய்து காதுக்குள் கருவி வைத்தால் கேட்கும், பேச்சும் வரும், ஆனால் சின்ன வயதிலேயே வைத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். தள்ளிப்போனால் வைத்தும் பிரயோஜனம் இருக்காதாம். தங்கை வங்கியில் கடன் கேட்டாள். நானே பைக்கில் கூட்டிப் போனேன். இல்லை என்றார்கள். வேறு வங்கிக்கும் கூட்டிப் போனேன். “சிஸ்டம் எடுத்துக்க மாட்டேங்குதும்மா” என்றார் அங்கிருந்த அதிகாரி. படி இறங்கும்போது அவள் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அதை நடிப்பு என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

அவள் ஒன்றும் ஏமாளி இல்லை. கூட வேலை செய்கிற ஒருத்தி சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

“அண்ணா, கிரெடிட் ரிப்போர்ட்னு ஒண்ணு இருக்காமே. நம்ம பேர்ல என்னென்ன கடன் ஓடுதுன்னு அதுல தெரியுமாம். கடன் வாங்காதவங்களும் அப்பப்ப பாத்துக்கணுமாம். எனக்கு ஒண்ணு எடுத்துக் குடேன்.”

எடுத்தேன். கடையிலேயே, அவள் எதிரிலேயே. வரிசையாகக் கடன்கள், எல்லாம் தவணை தவறியவை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றாள். திரையை எட்டிப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சுத்தமா இருக்கும்மா.”

“அப்புறம் ஏண்ணா தர மாட்டேங்கிறாங்க?”

“நம்ம நேரம்.”

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அவள் புகார் கொடுத்துப் பேரைச் சரிசெய்துகொண்டிருப்பாள், குழந்தைக்கும் காலம் இருந்தது. ஆனால் எனக்கு நாக்கு எழவில்லை. அண்ணனும் இல்லை என்று ஆகிவிட்டால் அவள் தாங்கமாட்டாள் என்று நினைத்தேன். அவளுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

டாக்டர் சொன்ன வயது தாண்டிப் போயிற்று. இனி வைத்தாலும் பேச்சு வருவது சந்தேகம் என்றுவிட்டார்கள். பிறகு ஒருநாள், வேறொரு கிளையில் இருந்த பெண் ஊழியர் ரிப்போர்ட்டைத் தானே எடுத்து, திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டியிருக்கிறார். அங்கிருந்தே எனக்குப் போன் செய்தாள்.

“அண்ணா, என் பேர்ல யாரோ கடன் வாங்கியிருக்காங்களாம். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நீ உடனே வா.”

போனேன். அவளை உட்கார வைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். புகார் மனுவையும் நான்தான் எழுதினேன். உங்கள் மேசையில் இருப்பது என் கையெழுத்துதான், சார்.

ஆமாம், எல்லாக் கடனும் நான் வாங்கியதுதான். தங்கை இனி என் முகத்தில் விழிக்கமாட்டாள், அதை நான் தப்பு சொல்லவில்லை. ஆனால் நேற்று அவளையும் குழந்தையையும் இங்கே ஸ்டேஷனுக்கு வரச்சொல்லியிருந்தீர்களே, கவனித்தீர்களா? அம்மாவின் கையை உதறிவிட்டு அந்தக் குழந்தை என்னிடம்தான் ஓடி வந்தது. யார் தன்மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள் என்று குழந்தைக்குத் தெரியாதா என்ன?