தினமும் தட்டிப் பாத்த பேரு

ஏண்ணே, வெப்சைட் பேரு நீளமா இருந்தா கம்ப்யூட்டருக்கு மூச்சா வாங்கப்போகுது?

நீங்க சொல்றது புரியுது. சின்னதா இருக்கணும், ஒருதடவை கேட்டா மனசுல நிக்கணும், தட்டும்போது எழுத்துப் பிசகக் கூடாது. எல்லாம் சரிதான். ஆனா எனக்கு பொம்மியப்பா மெக்கானிக் டாட் காம்தான் வேணும். இந்தாங்க, சீட்டுல எழுதியே கொண்டுவந்திருக்கேன். ஊர்ப் பள்ளிக்கூடத்து இங்கிலீஷு, கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். ஆனா எழுத்து ஒண்ணுகூடத் தப்பில்ல.

பொம்மி இவதான். ஏய், அந்த வயரை வாயில வைக்காதடி. பொறந்தப்ப பொம்மை மாதிரி இருந்தாளாம், இவ அப்பா கண்ணுக்கு. எனக்கு வேகவச்ச உருளைக்கிழங்கு மாதிரிதான் தெரிஞ்சா.

எங்க வீட்டுக்காரர் வாஷிங்மெஷின் ரிப்பேர் பண்றவர். இவ பொறந்ததுலேருந்து அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல. மெஷின் ஓடலைன்னு போன் பண்றவங்ககூட, பொம்மியப்பாவான்னுதான் கேப்பாங்க. அப்ப வந்ததுதான் இந்த வெப்சைட் ஆசை.

ஆனா எங்க வாங்கினாரு. தினமும் காலையில டீ ஆறதுக்குள்ள போனை எடுத்து, பேர் விக்கிற இடத்துல இதைத் தட்டிப் பாப்பாரு. இன்னும் யாரும் எடுக்கலைன்னு வரும். நமக்காகவே காத்துக்கிட்டிருக்குடின்னு சொல்லிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவாரு. சொந்தமா கடை பிடிச்சப்புறம்தான் வாங்குவாராம். கடை இல்லாம வெப்சைட் வச்சா ஊரை ஏமாத்தற மாதிரியாம். கல்யாணப் பேச்சே எடுக்காம பொண்ணு வீட்டு வாசல்லயே சுத்தறவன் மாதிரி இருக்குன்னு நான் கேலி பண்ணுவேன். அதுக்கும் சிரிப்புதான்.

நல்லவேளை, இன்னைக்கும் யாரும் எடுக்கல, பாத்தீங்களா. நீங்க காட்டின மத்த பேரெல்லாம் நல்லாத்தான் இருக்கு, யாருக்காவது குடுங்க.

உள்ள என்ன போடறதா? இவ வாயைத் தொறந்து சிரிக்கிற படம் ஒண்ணு. கீழ ஒரே வரி. பொம்மிக்கு இப்ப பதினாலு பல்லு, வீட்டுக்கு வாங்க. அவ்வளவுதான்.

போன் நம்பர் வேணாம்ணே. என் நம்பர் அவருக்கு மனப்பாடம்.

எட்டு மாசமாச்சு. கருவிப் பையைத் தூக்கிக்கிட்டு வேலைக்குப் போனவர்தான். அப்ப இவளுக்கு நாலு பல்லு. சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. எங்க இருந்தாலும் காலையில டீயோட இந்தப் பேரைத் தட்டாம இருக்க மாட்டாரு. யாரோ எடுத்துட்டாங்கன்னு வந்தா பதறிப்போய், எவன்டா அவன்னு உள்ள போய்ப் பாப்பாருல்ல? அதுக்குத்தான் வாங்கறேன். இந்தப் பேர் வேற யாருக்கும் நினைவு இருக்க வேணாம்ணே. அவருக்கு இருந்தாப் போதும்.

போலீஸ்லயா? அன்னைக்கே எழுதிக் குடுத்தாச்சு. போன மாசம்கூடக் கூப்பிட்டாங்க. ஆத்துலேருந்து எடுத்தாங்களாம், முகம் பாக்கற மாதிரி இல்லையாம், சட்டையை மட்டும் மேசையில விரிச்சுக் காட்டினாங்க. ரெண்டாவது பொத்தானைப் பச்சை நூல்ல தச்சிருந்துச்சு. வெள்ளை நூல் தீந்துபோச்சுன்னு நாந்தான் தச்சுக் குடுத்தேன். இது அவர் சட்டை இல்லீங்கன்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்.

தண்ணியெல்லாம் வேணாம்ணே, இருக்கட்டும். நீங்க தட்டுங்க. பேரை எத்தனை வருஷத்துக்கு எடுக்கறதுன்னா? அஞ்சு போடுங்க.

அந்தப் பக்கத்தை எத்தனை பேர் திறந்தாங்கன்னு எண்ணிக்கை தெரியும்னு சொன்னீங்கல்ல. எல்லாம் முடிச்சுட்டு அதைப் பூஜ்யத்துல வச்சிடுங்க. நான் திறந்து பாக்க மாட்டேன், நீங்களும் பாக்காதீங்க, கடையில வேற யாரையும் பாக்க விடாதீங்க. அது ஒண்ணுன்னு மாறிச்சுன்னா மட்டும், எந்நேரமா இருந்தாலும் எனக்கு ஒரு போன் பண்ணுங்கண்ணே.